ஐந்து நாளில் ஒன்பது நுட்பம்: பணத்தைக் கட்டலாமா?

கேள்வி இது: “அக்கா, உயிரியலில் பட்டம் முடித்து ஒரு வருடமாகத் திருகோணமலையில் வீட்டோடு இருக்கிறேன். மூலக்கூற்று உயிரியல் பாடமாகப் படித்தோம், ஆனால் துளியளவு திரவத்தை அளந்தெடுக்கிற மைக்ரோ பிப்பெட்டை நானாகப் பிடித்தது இரண்டே தரம். கொழும்பில் ஐந்து நாள் செயன்முறைப் பயிற்சி ஒன்று வருகிறது. டி.என்.ஏ. பிரித்தெடுப்பில் தொடங்கி, டி.என்.ஏ.யை வெட்டித் திருத்துகிற கிறிஸ்பர் வரைக்கும் ஒன்பது நுட்பம், முடிவில் சான்றிதழ். கட்டணம் அம்மாவின் ஒரு மாதச் சம்பளம். போகலாமா? இங்கேயே இருந்து ஏதும் செய்ய முடியுமா?”

தங்கச்சி, இன்னும் பணம் கட்டவில்லை என்றால் ஒரு கிழமை பொறுங்கள். போக வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அந்த விளம்பரத்தில் என் கண்ணில் குத்துவது ஒன்பது என்ற எண்தான்.

கணக்கைப் பாருங்கள். இலையில் இருந்து டி.என்.ஏ. எடுக்க அரை நாள் போகும். டி.என்.ஏ.யின் ஒரு துண்டைப் பல மடங்கு பெருக்குவது பி.சி.ஆர்.; அதன் கலவையைத் தயாரித்து இயந்திரத்தில் வைத்து எடுக்க மூன்று மணித்தியாலம். டி.என்.ஏ. துண்டுகளை மின்சாரத்தால் நீளப்படி பிரித்துக் காட்டுகிற ஜெல்லைக் காய்ச்சி, ஊற்றி, ஓட்டி, படம் எடுக்க இன்னும் இரண்டு. குளோனிங் என்று வந்தால் அந்தத் துண்டையும் பிளாஸ்மிட் என்கிற சின்ன வட்ட டி.என்.ஏ.யையும் ஒட்டவைத்து, பற்றீரியாவுக்குள் செலுத்தி, ஏகார் தட்டில் பரப்பி, 37 பாகையில் ஓர் இரவு வைக்க வேண்டும். அடுத்த நாள் ஒரு கொலனியைத் தொட்டெடுத்துத் திரவ ஊடகத்தில் இன்னோர் இரவு வளர்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பிளாஸ்மிட்டைப் பிரித்து, நொதியம் போட்டு வெட்டி, துண்டு உள்ளே போனதா என்று பார்க்கலாம். நான்கு நாள் அதற்கே சரி. பிறபொருளெதிரியை வைத்துப் புரதத்தைக் கண்டுபிடிக்கிற வெஸ்டர்ன் பிளொட் தனியாக இரண்டு நாள் கேட்கும். பற்றீரியாவும் பிறபொருளெதிரியும் எங்கள் நேரசூசியைப் பார்த்து வேலை செய்வதில்லை.

ஆகவே ஒன்பதில் மூன்றை நீங்கள் செய்வீர்கள், மூன்றை யாரோ செய்ய நின்று பார்ப்பீர்கள், மிச்சம் மூன்றும் படவில்லையில் (ஸ்லைடில்) போகும். கிறிஸ்பர் நிச்சயம் படவில்லைதான். அதே ஐந்து நாளில் டி.என்.ஏ. எடுப்பது, பி.சி.ஆர்., ஜெல் என்று மூன்றை மட்டும் வைத்து, ஒவ்வொன்றையும் உங்கள் கையாலேயே இரண்டு தரம் செய்ய விடுகிற இடம் இருந்தால் இரட்டிப்புக் காசு கொடுத்தும் போகலாம் என்பேன்.

இதை நான் தெரிந்துகொண்ட விதம் கொஞ்சம் வெட்கக்கேடானது. பட்டம் முடித்த வருடம் நானும் இப்படி ஒரு பயிற்சிக்குப் போனேன். இடத்தின் பெயர் வேண்டாம். 22 பேர், ஒரு பி.சி.ஆர். இயந்திரம், ஒரு ஜெல் தொட்டி. உயரமான பையன்கள் முன்னால் நிற்க, அவர்களின் தோளுக்கு மேலால் எட்டி எட்டி ஜெல்லைப் பார்த்தேன். சான்றிதழில் என் பெயர் தங்க எழுத்தில் இருந்தது. ஆறு மாதம் கழித்து ஓர் ஆய்வு உதவியாளர் வேலைக்கு நேர்முகத் தேர்வு. வாயால் கேட்ட கேள்விக்கெல்லாம் வடிவாகப் பதில் சொன்னேன். கடைசியில் நேர்முகம் எடுத்த அம்மா என்னைத் தராசுக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போய், 200 மைக்ரோலீற்றர் பிப்பெட்டைக் கையில் தந்து, “50 மைக்ரோலீற்றர் தண்ணீர், பத்துத் தரம்” என்றார். தராசு 0.050 கிராம் காட்ட வேண்டும். என் முதல் துளி 0.071. அடுத்தது 0.066. அதற்கடுத்தது 0.074. அவர் ஒன்றும் சொல்லவில்லை, எழுதிக்கொண்டார். பத்தாவது துளி வரைக்கும் நின்று பார்த்த அந்தப் பொறுமைக்காக அவர் மேல் இன்றைக்கும் மரியாதை இருக்கிறது. வேலை கிடைக்கவில்லை.

நான் செய்த பிழை சின்னது. பிப்பெட்டின் பொத்தானுக்கு இரண்டு நிறுத்தம் உண்டு. முதல் நிறுத்தம் வரைக்கும் அழுத்தி, பிப்பெட்டில் மாட்டுகிற பிளாஸ்ரிக் டிப்பின் நுனியைத் திரவத்துக்குள் இரண்டு மூன்று மில்லிமீற்றர் மட்டும் வைத்து, மெல்ல விட வேண்டும். இரண்டாவது நிறுத்தம் திரவத்தை வெளியே விடும்போது கடைசிச் சொட்டைத் தள்ளுவதற்கு. நான் உறிஞ்சும்போதே இரண்டாவது வரைக்கும் அழுத்தியிருக்கிறேன். அந்த 22 பேர் பயிற்சியில் இதைச் சொல்லவில்லையா என்றால், சொன்னார்கள். படவில்லையில் படமே இருந்தது. கை கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இந்தத் துறையில் பாதிப் பிரச்சினை இந்தக் கருவியில்தான் தொடங்குகிறது. பி.சி.ஆர். குழாய்க்குள் போகும் டி.என்.ஏ. பெரும்பாலும் ஒன்றோ இரண்டோ மைக்ரோலீற்றர். கண்ணுக்குத் தெரிகிற ஒரு மழைத்துளியை விடக் குறைவு. அதில் பிழைத்தால் பிறகு எந்த விலையுயர்ந்த இயந்திரமும் காப்பாற்றாது. நொதியம் இன்னும் மோசம். அது பாதிக்குப் பாதி கிளிசரோலில் வருகிறது. மைனஸ் 20இலும் உறையாமல் இருப்பது அதனால்தான். தேன் போல இழுபடும். அவசரமாக உறிஞ்சினால் டிப்புக்குள் காற்றுதான் ஏறும், ஆழமாக முக்கினால் டிப்பின் வெளிப்பக்கம் ஒட்டிக்கொண்டே இன்னொரு மடங்கு நொதியம் போய்ச் சேரும். நொதியக் குப்பியின் விலை தெரிந்தவர்கள் இந்த இடத்தில் பெருமூச்சு விடுவார்கள்.

அதனால் பணம் கட்டுவதற்கு முன் அவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். வளைத்துச் சுற்றாமல் கேளுங்கள்: ஒரு பிப்பெட் தொகுதிக்கு எத்தனை பேர், ஒரு ஜெல்லுக்கு எத்தனை பேர்? நான்குக்கு மேல் என்றால் நீங்கள் பார்வையாளர். நான் கொண்டு வருகிற மாதிரியில் செய்யலாமா, அல்லது நீங்கள் தருவதில்தானா? செய்தது பிழைத்தால் திரும்பச் செய்ய நேரம் ஒதுக்கியிருக்கிறதா? செயன்முறைத் தாளை முன்கூட்டியே அனுப்புவீர்களா? சொல்லித் தருகிறவர் அந்த மேசையில் தினமும் வேலை செய்கிறவரா என்றும் கேட்கலாம். பெரிய பேராசிரியரின் பெயர் விளம்பரத்தில் இருக்கும், அது நல்லதுதான். ஆனால் சென்ரிபியூஜ் ஏன் அதிர்கிறது என்று சொல்லக்கூடியவர் வழக்கமாக மூலையில் நிற்கிற தொழினுட்ப உத்தியோகத்தர்தான். அவர் பக்கத்தில் நில்லுங்கள்.

பிழைத்தால் என்ன செய்வீர்கள் என்ற கேள்வியை நான் சும்மா சேர்க்கவில்லை. பயிற்சிகளில் வழக்கமாக நடப்பது என்னவென்றால், ஏற்கெனவே பத்துத் தரம் ஓட்டிப் பார்த்து நிச்சயமாக வேலை செய்கிற டி.என்.ஏ.யையும் பிரைமரையும் (எந்தத் துண்டைப் பெருக்குவது என்று காட்டுகிற குறுகிய டி.என்.ஏ. இழை) தருவார்கள். எல்லோருக்கும் ஜெல்லில் வடிவான பாண்ட் (டி.என்.ஏ. கோடு) வரும், எல்லோரும் படம் எடுப்பார்கள். ஊருக்கு வந்து சொந்த மாதிரியில் செய்யும்போது ஒன்றும் வராது, ஏன் வரவில்லை என்று யோசிக்கவும் தெரியாது. ஜெல்லைப் படிப்பது நோயாளியைப் பார்ப்பது மாதிரி. நீளம் தெரிந்த துண்டுகளைக் கலந்து ஓட்டுகிற அளவுகோல் ஏணியே தெரியவில்லை என்றால் பி.சி.ஆரைக் குறை சொல்லாதீர்கள், சாயத்தையோ மின்சாரத்தையோ பாருங்கள். ஏணி தெரிகிறது, உங்கள் வரிசை மட்டும் வெறுமை என்றால் பி.சி.ஆரில் ஏதோ பிழை. புகை போல இழுத்திருந்தால் டி.என்.ஏ. சிதைந்திருக்கிறது, அல்லது அளவுக்கு மிஞ்சிப் போட்டிருக்கிறீர்கள். அடியில் மங்கலாக ஒரு கோடு மட்டும் என்றால் பிரைமர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பெருகியிருக்கின்றன. மாதிரிகள் எல்லாம் ஏற்றிய பக்கமாகவே வெளியே ஓடிப் போய்விட்டன என்றால் வயரை மாற்றிக் கொழுவியிருக்கிறீர்கள், டி.என்.ஏ.க்கு மறை ஏற்றம், கறுப்பில் இருந்து சிவப்புக்குத்தான் ஓடும். ஜெல்லைப் பஃபரில் காய்ச்சாமல் வெறும் தண்ணீரில் காய்ச்சியவர்களும் உண்டு. உயர்தரத்தில் பஃபரைத் தாங்கற் கரைசல் என்று பக்கம் பக்கமாக எழுதின நாங்கள்தான் போத்தலில் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததைப் பார்க்காமல் பக்கத்துப் போத்தலை எடுத்தோம். பன்மையில் சொல்கிறேன், நான்தான்.

பி.சி.ஆர். என்ற சொல் 2020க்குப் பிறகு எங்கள் ஊர் அம்மம்மாமாருக்கும் தெரியும். 94, 95 பாகையில் இரட்டை இழை பிரியும், 50 முதல் 60 பாகைக்குள் பிரைமர் ஒட்டும், 72இல் நொதியம் இழையை நீட்டும். ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பு. 30 சுற்று ஒழுங்காக ஓடினால் ஒரு மூலக்கூறு 100 கோடிக்கு மேல் ஆகும். கரி முலிஸ் 1983இல் இதை யோசித்தார், 1993இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசில் பங்கு பெற்றார். ஆனால் ஆரம்பத்தில் ஒரு தலையிடி இருந்தது. அன்றைக்குப் பாவித்த நொதியம் 95 பாகையில் செயலிழந்துவிடும்; ஒவ்வொரு சுற்றிலும் குழாயைத் திறந்து புதிதாகப் போட வேண்டும். தீர்வு அமெரிக்காவின் யெலோஸ்டோன் வெந்நீரூற்றில் இருந்து வந்தது. தோமஸ் புறொக்கும் ஹட்சன் ஃபிறீஸும் அங்கே கண்டெடுத்து 1969இல் விவரித்த தேர்மஸ் அக்குவாட்டிக்கஸ் என்ற பற்றீரியாவின் நொதியம்தான் ஆய்வுகூடங்களில் ‘டாக்’ என்று சொல்வது. இதைச் சொன்னதும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் தவறாமல் கேட்பது, அப்போ எங்கள் கன்னியா வெந்நீரூற்றில் இருக்காதா என்று. நானும் கேட்டவள்தான். கன்னியாவின் ஏழு கிணற்றுத் தண்ணீரையும் வாளியால் அள்ளித் தலையில் ஊற்றிக்கொண்டு நிற்கிறோம். தேர்மஸுக்குப் பிடித்தது 70 பாகை. அதைத் தலையில் ஊற்றினால் நேரே ஆஸ்பத்திரிதான்.

100 கோடி மடங்கு பெருக்கும் இயந்திரம் அழுக்கையும் 100 கோடி மடங்கு பெருக்கும். அதனால்தான் டி.என்.ஏ.க்குப் பதில் தண்ணீர் மட்டும் போட்ட ஒரு குழாயையும் சேர்த்து ஓட்டுகிறோம். அது நெகட்டிவ் கொன்ட்ரோல். அதில் பாண்ட் வந்தால் மற்ற வரிசைகளில் வந்தது எதையும் நம்ப முடியாது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் மூன்று கிழமை தொடர்ந்து எனக்கு அதில் பாண்ட் வந்தது. பிரைமரை மாற்றினேன், டாக்கை மாற்றினேன், பிப்பெட்டைக் கழற்றித் துடைத்தேன், கையுறையை நாளைக்குப் பத்துத் தரம் மாற்றினேன். கடைசியில் குற்றவாளி தண்ணீர்ப் போத்தல். எல்லோரும் ஒரே போத்தலுக்குள் டிப்பை விட்டு எடுத்துக்கொண்டிருந்தோம், யாரோ பாவித்த டிப்போடு. அன்றைக்குத் தொடங்கி எந்தக் கரைசல் வந்தாலும் முதல் வேலை, சின்னக் குழாய்களில் பிரித்து வைத்துத் திகதி எழுதுவது. அந்த மூன்று கிழமையில் படித்ததை எந்தச் சான்றிதழும் தரவில்லை.

உங்கள் பயிற்சியில் நெகட்டிவ் கொன்ட்ரோல் ஓட்டவில்லை என்றால் எழுந்து கேளுங்கள். வெட்கப்பட வேண்டாம். அந்தக் கேள்வியைக் கேட்கிற பிள்ளையைத்தான் சொல்லித் தருகிறவர் ஞாபகம் வைத்திருப்பார்.

இனி, திருகோணமலையில் இருந்து என்ன செய்யலாம் என்பது. இதுதான் உங்கள் கேள்வியில் எனக்குப் பிடித்த பகுதி.

முதலில் பாமசிக்குப் போய் இன்சுலின் சிறிஞ்ச் ஒன்று வாங்குங்கள், 100 அலகு போட்டது. 100 அலகு ஒரு மில்லிலீற்றர். ஆகவே ஓர் அலகு 10 மைக்ரோலீற்றர். பிறகு கடற்பாசி. கிண்ணியாவில் நோன்பு காலத்தில் கடற்பாசி காய்ச்சாத வீடு இருக்காது. அதற்குப் பாவிக்கிற அந்த வெள்ளை இழையும் ஏகார்தான், அதைச் சுத்திகரித்துப் பிரித்தால் வருவதுதான் நாங்கள் ஜெல்லுக்குப் பாவிக்கிற அகாரோஸ். சீனியும் பாலும் இல்லாமல் கொஞ்சம் காய்ச்சி, தட்டையான ஐஸ்கிறீம் பெட்டியில் ஒரு சென்ரிமீற்றர் உயரத்துக்கு ஊற்றுங்கள். பெட்டி மூடியைச் சீப்புப் போல வெட்டி, பற்கள் அடியைத் தொடாமல் நிறுத்துங்கள். உறைந்த பிறகு சீப்பை நேராக மேலே இழுத்தால் குழிகள் வரும். தண்ணீரால் மூடுங்கள். சீனிப் பாகில் உணவு நிறம் கலந்து, சிறிஞ்சால் ஒவ்வொரு குழிக்குள்ளும் ஓர் அலகு இறக்குங்கள். பாகு பாரமானது, அடியில் போய் இருக்கும். ஜெல்லில் ஏற்றுகிற உண்மையான சாயத்திலும் கிளிசரோலோ சுக்குரோசோ சேர்ப்பது இதற்காகத்தான். ஊசி குழியின் அடியைக் குத்தினால் நிறம் கீழால் ஒழுகும், உயர்த்திப் பிடித்தால் தண்ணீரில் பரவும், கை நடுங்கினால் பக்கத்துக் குழிக்குள் போகும். முழங்கையை மேசையில் ஊன்றி, மற்றக் கையால் சிறிஞ்சைத் தாங்கிப் பிடியுங்கள். நூறு குழி நிரப்பின பிறகு கொழும்புக்குப் போங்கள். அங்கே உங்களுக்குக் கிடைக்கப்போவது அதிகம் போனால் நான்கு குழி. ஆனால் வீட்டு மின்சாரத்தை இதற்குள் கொடுத்துப் பார்க்கிற வேலை வேண்டாம். தண்ணீரும் 230 வோல்ற்றும் விளையாட்டு இல்லை.

அடுத்தது கணக்கு. பயிற்சிகளில் நேரம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான், பட்டதாரிகளே கல்குலேற்றரை வைத்துக்கொண்டு முழிப்பார்கள். ஒரு கொப்பி எடுத்துத் தினமும் ஐந்து செய்யுங்கள். ஜெல்லுக்குப் பாவிக்கிற, 50 மடங்கு செறிவான டி.ஏ.ஈ. பஃபரில் இருந்து அரை லீற்றர் ஒரு மடங்கு வேண்டும்: 10 மில்லிலீற்றர் எடுத்து 490 தண்ணீர். 40 மில்லிலீற்றருக்கு ஒரு சதவீத ஜெல்: 0.4 கிராம் அகாரோஸ். பிரைமர் 100 மைக்ரோமோலரில் இருக்கிறது, 10 வேண்டும்: 10 மைக்ரோலீற்றருக்கு 90 தண்ணீர். இவை சுகம். எல்லாக் குழாய்க்கும் பொதுவாகக் கலக்கிற மாஸ்டர் மிக்ஸ் கொஞ்சம் யோசிக்க வைக்கும். எட்டு மாதிரி, வேலை செய்யும் என்று தெரிந்த டி.என்.ஏ. போட்ட ஒரு பொசிற்றிவ், ஒரு நெகட்டிவ், மொத்தம் பத்துக் குழாய். டிப்பில் ஒட்டி வீணாகிறதற்கும் சேர்த்துப் பதினொன்றுக்குக் கலக்க வேண்டும். ஒரு குழாயில் 25 மைக்ரோலீற்றர் என்று வைத்தால்: இரட்டைச் செறிவுக் கலவை 12.5, பிரைமர் இரண்டிலும் ஒவ்வொன்று, தண்ணீர் 8.5, டி.என்.ஏ. 2. பதினொன்றுக்கு 137.5, 11, 11, 93.5. கூட்டினால் 253. ஒவ்வொரு குழாய்க்கும் 23 பங்கிட்டு, கடைசியில் டி.என்.ஏ.யை மட்டும் தனித்தனியே போடுங்கள். பத்துக் குழாய்க்குச் சரியாகப் பத்துப் பங்கு கலந்தவருக்குப் பத்தாவது குழாயில் என்ன நடக்கும் என்று ஒரு தரம் பட்டுத்தான் தெரியும்.

மூன்றாவது, கணினி வேலை. இதற்கு ஆய்வுகூடமே வேண்டாம். டி.என்.ஏ. வரிசைகளைச் சேமித்து வைத்திருக்கிற என்.சி.பி.ஐ. இணையத் தளத்தில் ஒரு மீனின் சி.ஓ.ஐ. பரம்பரையலகு வரிசையை இறக்கி, பிளாஸ்ற் என்கிற ஒப்பிடும் கருவியில் போட்டு எது எதோடு ஒத்துப்போகிறது என்று பாருங்கள். பிரைமர்-பிளாஸ்ற்றில் 18 முதல் 25 டி.என்.ஏ. எழுத்து நீளமான பிரைமர் சோடி ஒன்றை வடிவமையுங்கள். எல்லாம் இலவசம். ஏன் மீன் என்றால், எங்கள் ஊரில் மாதிரிக்குப் பஞ்சமில்லை. சுமார் 650 எழுத்து நீளமான அந்தத் துண்டை வைத்து விலங்கினங்களை அடையாளம் காணலாம் என்று 2003இல் போல் ஹேபேர்ட்டின் குழு முன்வைத்தது; இன்றைக்கு டி.என்.ஏ. பார்கோடிங் என்று சொல்வது அதைத்தான். தலையும் தோலும் போன கருவாட்டுத் துண்டு எந்த மீன் என்று சந்தையில் அடித்துச் சொல்வார்கள், சில வேளை மூன்று பேர் மூன்று பெயர் சொல்வார்கள். கருவாட்டில் டி.என்.ஏ. துண்டு துண்டாகிப் போயிருக்கும். முழுத் துண்டும் பெருகாவிட்டால் சின்னத் துண்டுக்குப் பிரைமர் போட வேண்டும். ஒரு நல்ல இறுதியாண்டு ஆய்வுக்கான விஷயம் இது. வரிசை வாசிப்பதற்கு இங்கே பலர் மாதிரியைத் தென்கொரியாவுக்கு அனுப்புகிறார்கள், அது வேறு கதை.

நான்காவது, இங்கேயே இருக்கிற கதவைத் தட்டுவது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் கோணேசபுரியில் இருக்கிறது, பிரயோக விஞ்ஞான பீடமும் சித்த மருத்துவமும் அங்கே உண்டு. நீங்கள் அங்கே படிக்கவில்லை என்றாலும் பரவாயில்லை. உயிரியல் பக்கம் ஆய்வு செய்கிற விரிவுரையாளர் ஒருவருக்கு எழுதுங்கள்: இரண்டு மாதம் சம்பளமில்லாமல் வருகிறேன், கண்ணாடிச் சாமான் கழுவுகிறேன், ஊடகம் காய்ச்சுகிறேன், ஒட்டோகிளேவ் (நீராவியால் கிருமி நீக்குகிற கருவி) பார்க்கிறேன் என்று. இதைச் சின்ன வேலை என்று நினைக்காதீர்கள். 121 பாகையில் 15 நிமிடம் என்று எல்லோருக்கும் பாடம். போத்தல் மூடியைக் கால் சுற்றுத் தளர்த்தி வைக்காவிட்டால் என்ன ஆகும் என்பது கழுவினவருக்குத்தான் தெரியும். ஏகார் எவ்வளவு ஆறிய பிறகு அம்பிசிலின் என்ற நுண்ணுயிர்கொல்லி மருந்தைச் சேர்ப்பது என்பதும் அப்படித்தான். போத்தலைக் கன்னத்தில் வைத்துப் பார்க்கிற பழைய ஆட்கள் இருக்கிறார்கள். நீங்கள் வெப்பமானியைப் பாவியுங்கள், 50 முதல் 55 பாகை. அதற்கு மேல் மருந்து கெட்டுவிடும்.

எங்கள் ஊரில் வேலை செய்தால் இன்னொன்றும் படிப்பீர்கள், கொழும்பில் யாரும் சொல்லித் தராதது. செயன்முறைத் தாளில் ‘அறை வெப்பநிலை’ என்று எழுதினவர் 20, 25 பாகை உள்ள அறையில் இருந்து எழுதினவர். கச்சான் காற்று வீசுகிற ஜூன் மாதத்தில் எங்கள் அறை 33ஐத் தொடும். சாதாரண அகாரோஸ் உறைவதே 36 பாகை அளவில்தான். இருபது நிமிடத்தில் உறைய வேண்டிய ஜெல் ஒரு மணித்தியாலம் ஆகியும் தளதளத்துக்கொண்டு இருக்கும், சீப்பை இழுத்தால் குழி கிழியும். பிரிட்ஜுக்குள் பத்து நிமிடம் வையுங்கள். எதனோலும் குளோரோபோமும் டிப்பில் இருந்து தானாகச் சொட்டும். ஒரு தரம் உறிஞ்சி வெளியே விட்டு டிப்பை நனைத்த பிறகு எடுத்தால் குறையும். கொழும்புக் குளிரறைக்குப் போனால் இதற்கு நேர்மாறு. இலையில் டி.என்.ஏ. எடுக்கிற சி.டி.ஏ.பி. கரைசல் குளிரில் வெள்ளையாகத் திரண்டு நிற்கும். கெட்டுப்போனது என்று ஊற்றிவிடாதீர்கள், 65 பாகைக் குளியலில் வைத்தால் தெளிந்துவிடும்.

2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் நின்றதே, அப்போது பிறீசரில் இருந்த நொதியங்களை ஐஸும் உப்பும் வைத்துத்தான் காப்பாற்றினோம். மூன்று பங்கு நொறுக்கின ஐஸுக்கு ஒரு பங்கு உப்பு கலந்தால் மைனஸ் 20ஐ நெருங்கும். உப்புக்கு நிலாவெளி இருக்கிறது, ஐஸுக்கு மீன்வாடி. ஒரு பயிற்சியில் உதவிக்கு நின்றபோது ஐஸ் இயந்திரம் காலையிலேயே படுத்துவிட்டது. வாடியில் இருந்து ஒரு ரெஜிபோம் பெட்டி நிறைய அள்ளிக்கொண்டு வந்தோம். குழாய் மூடியிருக்கிற வரைக்கும் டி.என்.ஏ.க்கு ஒன்றும் இல்லை. அன்று முழுக்க ஆய்வுகூடம் சூடை மீன் மணத்தது, பக்கத்து அறையில் இருந்து இரண்டு தரம் வந்து விசாரித்தார்கள்.

சான்றிதழ் வேலை தருமா என்று நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை, ஆனால் கேள்விக்குள் இருக்கிறது. ஐந்து நாள் சான்றிதழைப் பார்த்து யாரும் வேலை தருவதில்லை; நேர்முகத்துக்குக் கூப்பிடக்கூடும். அங்கே கேட்பது நீங்கள் எதைச் செய்தீர்கள், எது பிழைத்தது, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று. முதுமாணி வரைக்கும் போக எண்ணம் இருந்தால் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் உயிரிரசாயனவியல், மூலக்கூற்று உயிரியல், உயிர்த் தொழினுட்ப நிறுவனத்தையும், பேராதனையின் விஞ்ஞானப் பட்டப்பின் படிப்பு நிறுவனத்தையும், அங்கேயே உள்ள விவசாய உயிர்த் தொழினுட்ப நிலையத்தையும் பார்த்து வையுங்கள். ஆனால் அதற்கு முன் ஆறு மாதமாவது ஓர் ஆய்வுத் திட்டத்தில் உதவியாளராக இருங்கள். சிங்களத்தில் கதைப்பார்களே என்ற பயம் வேண்டாம். மேசையில் பேச்சு குறைவு, ‘டிப் மாற்று’ என்பதை எந்த மொழியில் கத்தினாலும் விளங்கும்.

மின்னஞ்சலுக்கு நல்ல பதில் வந்து போவதென்று முடிவானால், சொந்த மாதிரி கொண்டு போங்கள். இலை என்றால் இளசாகப் பார்த்துச் சின்னத் துண்டுகளாகக் கிழித்துத் தேயிலைப் பையில் போட்டு, இலையின் எடையைப் போல் பத்து மடங்கு சிலிக்கா ஜெல்லுக்குள் புதைத்தால் ஒரு நாளில் மொறுமொறுவென்று காயும், பிறகு கிழமைக்கணக்கில் பிரிட்ஜ் இல்லாமல் இருக்கும். முதல் தரம் பனை ஓலை வேண்டாம், நாரையும் பசையையும் பிரித்தே ஐந்து நாளும் போய்விடும். முருங்கையோ வெண்டியோ என்று ஆசைப்படாமல் நெல் இலையோடு போங்கள். நெல் இளங்கன்று நல்ல பிள்ளை. மீன் என்றால் செட்டையின் ஓரத்தில் அரிசி அளவு துண்டு, செறிவான எதனோலில். எதனோல் போத்தலைப் பஸ்ஸில் கொண்டு போவதை விட இலை சுகம். மூடிய சப்பாத்து, கட்டின தலைமயிர், சொந்தக் கொப்பி. குழாயில் எழுதப் பென்சிலோ நல்ல மார்க்கரோ. எதனோல் பட்டால் சாதாரண மார்க்கர் அழிந்து, எது எவருடையது என்று தெரியாமல் நிற்பீர்கள். மூடியிலும் எழுதுங்கள், பக்கத்திலும் எழுதுங்கள். மூடிகள் மாறும்.

பதில் வரவில்லை, அல்லது ‘எல்லாம் நேரில் விளங்கப்படுத்துவோம்’ என்று மட்டும் வந்தால், அம்மாவின் சம்பளம் அம்மாவிடமே இருக்கட்டும். கோணேசபுரிக்கு நிலாவெளிப் பஸ்ஸில் போய் வரலாம்.